நேரில் வந்த வண்டி

காலை ஆறு மணிக்குச் செங்கமலத்தின் நெஞ்சு பேசத் தொடங்கியது.

"வணக்கம். நேற்று நீங்கள் உள்ளிழுத்த தூசி நானூற்றுப் பன்னிரண்டு பங்கு. சாலைப் புழுதி இருநூற்று ஆறு. மாரப்பன் வீட்டு விறகடுப்பு எழுபது. யாரோ பிடித்த சுருட்டு பதினொன்று. மயிலை வண்டி நூற்று இருபத்தைந்து."

பல் துலக்கிக்கொண்டிருந்த செங்கமலம் கடைசி வரியைக் கேட்டதும் கையை நிறுத்தினாள். நான்கு மாதத்துக்கு முன்பு வரை மயிலையின் பங்கு இருபதைத் தாண்டியதில்லை.

இடது காறையெலும்புக்குக் கீழே நெல்மணி அளவில் இருக்கும் மூச்சுச்சில்லு அந்தக் காலத்தில் எல்லோருக்கும் உண்டு. பிறந்த மூன்றாம் மாதம் தடுப்பூசியோடு சேர்த்துப் பொருத்திவிடுவார்கள். மூச்சோடு உள்ளே போகும் ஒவ்வொரு துகளையும் அது முகர்ந்து பார்த்து, எங்கிருந்து வந்தது, யாருடையது என்று கண்டுபிடித்து மறுநாள் காலையில் சொல்லிவிடும். நுரையீரல் நோய்களைக் குறைப்பதற்காகக் கொண்டுவந்தார்கள். நோய்கள் குறைந்தன. கூடவே அக்கம்பக்கத்தாரின் பேச்சுவார்த்தையும் குறைந்தது. மிளகாய் தாளித்தவள் யார், குப்பையைக் கொளுத்தியவன் யார் என்பதெல்லாம் விடிந்ததும் ஊருக்கே தெரிந்துவிடும்போது யார் முகத்தில்தான் விழிப்பது? மலையூரான கருங்குன்றில் ஒருவரை ஒருவர் பார்த்தால், சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன் அவர் வீட்டுக் கூரைக்கு மேல் பார்வை ஒருமுறை போய்வரும்.

கருங்குன்று முழுக்க முழுக்கக் காந்தக்கல். அதுதான் அந்த மலையின் பெருமையும் தொல்லையும். சமவெளியில் ஆளில்லாமல் ஓடிய தானோடி வண்டிகளெல்லாம் சாலைக்கு அடியில் பதித்த காந்தக் கோட்டை மோப்பம் பிடித்துப் போகிறவை. மலையே காந்தமாக இருந்த இடத்தில் அவற்றுக்குத் தலை சுற்றியது. முதல் மாதத்திலேயே மூன்று தானோடிகள் பள்ளத்தின் விளிம்பில் போய் நின்றுகொண்டு, "சேருமிடம் வந்துவிட்டது, இறங்கலாம்" என்று பணிவோடு சொல்லின. அதன்பிறகுதான் காற்று வாரியம் சிறப்பு அனுமதி கொடுத்து அந்த மலைக்கு மட்டும் ஒரே ஒரு டீசல் வண்டியை விட்டுவைத்தது.

அறுபது வயதைத் தாண்டிய வேன் அது. சில்லு கிடையாது, திரை கிடையாது, யோசிக்கும் உறுப்பு ஒன்றுகூடக் கிடையாது. சாம்பல் கலந்த வெள்ளை நிறம் என்பதால் மயிலை என்று பெயர். காலையில் பால், பகலில் நோயாளிகள், மாலையில் பள்ளிப் பிள்ளைகள் என்று எல்லாமும் அதில்தான். செங்கமலம் பத்தொன்பது வருடமாக அதன் ஓட்டுநர்.

அன்று காலை நெஞ்சு பேசி முடித்த சிறிது நேரத்தில் வாரியத்தின் அறிவிப்பும் வந்தது. மயிலையின் கரும்புகை குறித்து அறுபத்தெட்டுப் பேர் முறையிட்டிருக்கிறார்கள். ஏழாம் நாள் மாலை ஐந்து மணிக்குள் வண்டி புகைத் தேர்வில் தேற வேண்டும். தேறாவிட்டால் பழைய வண்டிகளை நொறுக்கும் ஆலைக்கு அனுப்பப்படும்.

முறையிட்டவர்களின் பட்டியலும் இணைக்கப்பட்டிருந்தது. முதல் பெயர் ஏகாம்பரம். அவருக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரத்தில் இரண்டு நாள் இரத்தச் சுத்திகரிப்புக்காக அடிவாரத்து மருத்துவமனைக்கு மயிலையில்தான் போய்வருகிறார்.

செங்கமலம் நேராக அவர் வீட்டுக்குப் போனாள்.

"ஏனுங் மாமா, இந்த வண்டி இல்லாட்டி நீங்க எப்படிக் கீழ போவீங்க?"

ஏகாம்பரம் கொஞ்சம் நெளிந்தார். "நான் வண்டியக் குத்தஞ் சொல்லல அம்மிணி. புகையத்தான் சொன்னேன். நெஞ்சு தெனமும் உன்ற வண்டிப் பேரையே சொல்லுது. எத்தனை நாளைக்குக் கேட்டுக்கிட்டிருக்கறது?"

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லைங்க?"

"சொன்னா நீ கோவிச்சுக்குவ."

அவள் கிளம்பிவிட்டாள். வீடு திரும்பும் வழியில் அறுபத்தெட்டுப் பெயர்களும் அவள் மனதில் ஓடின. தினமும் பால் கேன் ஏற்றிவிடுகிறவன், பிள்ளையை ஏற்றிவிட்டுக் கையாட்டுகிறவள் என்று எல்லோரும் அதில் இருந்தார்கள். வண்டி இப்படிப் புகை விடுவதற்கு இவர்களில் யாரோதான் காரணம் என்ற எண்ணம் அந்த வழியில்தான் அவளுக்குள் முளைத்தது.

காரணம் இருந்தது. வண்டியை அவள் பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டாள். எண்ணெய் மாற்றத் தவறியதில்லை. அப்படிப்பட்ட வண்டி திடீரென்று மேட்டில் ஏறும்போது கரியைக் கக்குகிறது, இழுக்கவும் மாட்டேன் என்கிறது. தானாகக் கெட்டது என்று அவளால் நம்ப முடியவில்லை.

மலையில் டீசல் எஞ்சின் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. அடிவாரத்தில் தானோடிகளைப் பழுது பார்க்கும் பொன்னரசு ஒருவன்தான் வரச் சம்மதித்தான். நாற்பது வயது இருக்கும். மயிலை ஒழிந்தால் வாரியம் எப்படியாவது இந்த மலைக்கும் தானோடி கொண்டுவரும். அப்போது பிழைப்பு கூடப்போவது இவனுக்குத்தான் என்பதைச் செங்கமலம் முதலிலேயே கணக்குப் போட்டுவிட்டாள். அதனால் அவன் பானட்டைத் திறந்ததும் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். அவன் கை போன இடமெல்லாம் அவள் கண்ணும் போனது.

இரண்டு மணி நேரம் கழித்து அவன் தலையை நிமிர்த்தாமலே சொன்னான். "நீங்க என்னைய நம்பலைங்கறது தெரியுதுங்க்கா. பரவால்ல. பாத்துக்கிட்டே இருங்க. எனக்கும் டீசல் வண்டி இதுதான் முதல் தடவை. நான் எதையாச்சும் தப்பா மாட்டினா நீங்க சொல்லலாம்."

அந்தப் பேச்சில் இருந்த நேர்மை அவளுடைய சந்தேகத்தை இன்னும் கூட்டியது. இவ்வளவு நேர்மையாக யாராவது பேசுவார்களா?

பொன்னரசு ஒரு வெள்ளைத் துணியைப் புகைக்குழாயின் வாயில் பிடித்து, அவளை ஆக்சிலேட்டரை அழுத்தச் சொன்னான். துணியில் காய்ந்த கரி படிந்தது. விரலால் தேய்த்து, முகர்ந்து பார்த்தான்.

"புகை நீலமா இருந்தா எஞ்சின் ஆயில் எரியுதுன்னு அர்த்தமுங்க. வெள்ளையா வந்தா டீசல் எரியாமயே வெளிய வருது, இல்லாட்டித் தண்ணி உள்ள போகுது. இது சுத்தக் கறுப்பு, பிசுக்கும் இல்ல. டீசலுக்கு வேண்டிய காத்து பத்தல. ஒண்ணு, டீசல் அதிகமாப் போவோணும். இல்லாட்டிக் காத்து கம்மியாப் போவோணும். இந்த ரெண்டுல ஒண்ணுதான்."

"யாராச்சும் ஏதாச்சும் கலந்திருப்பாங்களா?"

"யாருங்க?"

செங்கமலத்திடம் ஒரு பெயர் தயாராக இருந்தது. மலையில் புங்கெண்ணெயிலிருந்து டீசல் எடுத்துக் கொடுக்கும் ஆலையின் மேற்பார்வையாளர் பட்டியலில் நாற்பதாவது ஆள். தன் டீசல் எரிந்து வரும் புகையைப் பற்றித் தானே முறையிடுகிறவனை எப்படி நம்புவது?

பொன்னரசு டீசலை ஒரு கண்ணாடிச் சீசாவில் பிடித்து ஒரு நாள் முழுக்க அசையாமல் வைத்தான். அடியில் தண்ணீரும் தங்கவில்லை, கசடும் தங்கவில்லை. அடிவாரத்திலிருந்து வேறு டீசல் கொண்டுவந்து ஊற்றி ஓட்டிப் பார்த்தார்கள். அதே புகைதான். மேற்பார்வையாளர் தப்பித்தார்.

அடுத்தது காற்று வடிகட்டி. போன மாதம்தான் மாற்றியிருந்தாள். எதிர்வெயிலில் பிடித்துப் பார்த்தால் மடிப்புகளுக்கு இடையே வெளிச்சம் நன்றாகத் தெரிந்தது. மூன்றாம் நாள் நான்கு நாசில்களையும் கழற்றினான். டீசலைப் பனிப்புகை மாதிரி தூவ வேண்டியவை அவை. மூன்று ஒழுங்காகத் தூவின. நான்காவது மட்டும் மூக்கொழுகும் குழந்தை போலச் சொட்டியது. அதன் முனையைக் கழற்றிச் சுத்தம் செய்து, ஆயிரத்தெட்டு தடவை சோதித்து மாட்டினான். செங்கமலம் வண்டியை மேட்டில் ஏற்றினாள். புகை கொஞ்சம் குறைந்திருந்தது. ஆனால் முதல் வளைவைத் தாண்டியதும் பழையபடி கரி கிளம்பியது.

அவள் வண்டியை நிறுத்தி இறங்கினாள். "மூணு நாள் போயிருச்சு தம்பி. மெய்யாலுமே சரி பண்ணத்தான் வந்தியா?"

பொன்னரசு கோபப்படவில்லை. அவன் வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தான்.

"நாசிலச் சரி பண்ணுனதுக்கு அப்பறம், நின்னுக்கிட்டு இருக்கறப்போ புகை வரல. சமதரையிலயும் அவ்வளவா இல்ல. பாரத்தோட மேடேறுனா மட்டும்தான் வருது, இல்லைங்களா? மறுக்கா ஒருவாட்டி ஏத்துங்க. பேச்சு வேண்டாம். காதை மட்டும் தீட்டி வெச்சுக்கங்க."

மறுநாள் பால் கேன்களில் தண்ணீர் நிரப்பி ஏற்றிக்கொண்டு மேடேறினார்கள். இரண்டாம் வளைவில், எஞ்சின் முக்கிக்கொண்டு இழுக்கும்போது, அடியில் எங்கிருந்தோ பாம்பு சீறுவதுபோல ஒரு மெல்லிய 'உஸ்' கேட்டது. வேகம் குறைந்ததும் அது நின்றுவிட்டது.

பொன்னரசுவின் முகம் மலர்ந்தது. எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ என்ற சுழலியை அவன் அவளுக்குக் காட்டினான். அதிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ரப்பர் குழாயில் எங்கோ ஓட்டை. வண்டி சும்மா நிற்கும்போது குழாயில் அழுத்தம் இல்லை, அதனால் ஓட்டை வாய் திறப்பதில்லை. மேடேறும்போது அழுத்தம் கூடும், ஓட்டை திறக்கும், எஞ்சினுக்குப் போகவேண்டிய காற்று வெளியே ஓடிவிடும். டீசல் மட்டும் குறையாமல் போய்க்கொண்டிருக்கும். மிச்சம் கரிதான்.

டர்போவின் வாயை ஒரு டப்பா மூடியால் அடைத்து, அதில் சைக்கிள் டியூபின் வால்வைப் பொருத்திக் காற்றடித்தார்கள். சோப்புத் தண்ணீரைக் குழாய் முழுக்கத் தடவினார்கள். குழாயின் அடிப்பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், நுரை பொங்கியது. பொன்னரசு கண்ணாடியைப் பிடித்துக் காட்டினான். இரண்டு விரல் நீளத்துக்கு ஒரு கீறல். நேர்கோடாக இருந்தது.

"கத்தி," என்றாள் செங்கமலம்.

அவளுக்கு இப்போது எல்லாம் புரிந்தது போலிருந்தது. நான்கு மாதத்துக்கு முன் நித்திலன் என்று ஒரு தானோடி நிறுவனத்துப் பிரதிநிதி மலைக்கு வந்திருந்தான். காந்தக்கல்லைக் கண்டு மிரளாத புது ரகம் வரப்போகிறது என்று வீடு வீடாகப் படம் காட்டினான். மயிலையைச் சுற்றிச் சுற்றி வந்து, "அருங்காட்சியகத்துல இருக்கவேண்டிய வண்டிங்க" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பு இப்போது அவள் கண்முன் வந்து நின்றது.

பொன்னரசு தடுத்தும் கேளாமல் மயிலை நின்றதால் பாலை ஏற்றிக்கொண்டு மலையிறங்கிய வியாபாரியின் மட்டக்குதிரை வண்டியில் ஏறி அடிவாரத்துக்குப் போனாள். நித்திலன் தன் கடைவாசலில் நின்றிருந்தான்.

"குழாய அறுத்தது நீதானே?"

அவன் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்லக் கழன்றது. "எந்தக் குழாய்ங்க?"

"நடிக்காத. நீ வந்துட்டுப் போனதுக்கு அப்பறம்தான் புகை வருது."

"அக்கா, நான் பானட்டைத் தொட்டதுகூட இல்லைங்க. எனக்கு அதைத் திறக்கவே தெரியாது." அவன் வாசலை விட்டு இறங்கி வந்தான். "உங்க வண்டிய ஒழிச்சுக்கட்டித்தான் நான் யாவாரம் பண்ணோணுமா? அன்னிக்கு வாரியத்து ஆளுக உங்க வண்டிக்கிட்ட நின்னுக்கிட்டிருந்தாங்க. அவங்களையே கேளுங்க, நான் கிட்டப் போனனான்னு."

கடைத்தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. செங்கமலம் நம்பாமல்தான் திரும்பி நடந்தாள். ஆனால் மலையேறும் வழி முழுக்க, வாரியத்து ஆளுக என்ற சொல் செருப்புக்குள் புகுந்த கல்லாக உறுத்திக்கொண்டே வந்தது.

அவள் திரும்பி வந்தபோது பொன்னரசு குழாயைக் கழற்றி வெளிச்சத்தில் வைத்திருந்தான்.

"கத்தியில அறுத்தா வெட்டுவாய் கூரா இருக்குமுங்க. இதத் தொட்டுப் பாருங்க. மழுங்கி, பளபளன்னு தேஞ்சிருக்குது. ஏதோ ஒண்ணு நாள்கணக்கா உரசியிருக்குது." பிறகு எஞ்சின் அறைக்குள் கையை விட்டு, ஓர் இரும்புப் பட்டையின் விளிம்பைத் தடவி அவளிடம் நீட்டினான். விரல் நுனியில் கறுப்பாக ரப்பர் தூள்.

அந்தப் பட்டை தாங்கிக்கொண்டிருந்தது ஒரு சின்ன சாம்பல் நிறப் பெட்டியை. பெட்டியின் மேல் காற்று வாரியத்தின் முத்திரை இருந்தது. மயிலை எவ்வளவு புகை விடுகிறது என்று கண்காணிப்பதற்காக வாரியத்து ஆட்கள் நான்கு மாதத்துக்கு முன் ஓர் இயந்திரக் கையோடு வந்து பொருத்திய புகைமானி அது. எஞ்சின் அதிரும்போதெல்லாம் பட்டையின் விளிம்பு குழாயைக் கொஞ்சம் கொஞ்சமாக அரம்போல அறுத்திருக்கிறது. பெட்டி வரும்வரை இந்தப் புகை இல்லை. பெட்டி வந்தது, புகையை உண்டாக்கியது, அதை அளந்தது, மேலிடத்துக்கு ஒழுங்காக அறிக்கையும் அனுப்பியது.

செங்கமலம் முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அறுபத்தெட்டுப் பேர், ஆலை மேற்பார்வையாளர், நித்திலன், இதோ இந்தப் பொன்னரசு. எத்தனை பேரை மனதுக்குள் நிற்கவைத்து விசாரித்திருக்கிறாள்!

"தம்பி, உன்னையுந்தான் சந்தேகப்பட்டேன்."

"தெரியுமுங்க. முக்காலியப் போட்டு உக்காந்தீங்களே." அவன் சிரித்தான். "அதனாலதான் ஒரு நட்டுகூடத் தொலையல."

அவளும் சிரித்துவிட்டாள். மறுநாள் காலை நித்திலனுக்கு அழைப்பு போட்டு, கடைத்தெருவில் கேட்ட அதே உரத்த குரலில் மன்னிப்பும் கேட்டாள்.

அந்தக் குழாய் இப்போது எங்கும் கிடைக்காது. பொன்னரசு தானோடியின் மின்கலத்தைக் குளிர்விக்கும் சிலிக்கான் குழாய் ஒன்றைக் கொண்டுவந்தான். விட்டம் கச்சிதமாகப் பொருந்தியது. புகைமானியைத் தொட்டால் குற்றம் என்பதால், பெட்டியை அப்படியே விட்டுக் குழாயைக் கொஞ்சம் வளைத்து, பட்டைக்கும் குழாய்க்கும் நடுவே கட்டைவிரல் அளவு இடைவெளி விட்டு இறுக்கினான்.

ஆறாம் நாள் ஏகாம்பரத்துக்குச் சுத்திகரிப்பு நாள். கீழே போய்விட்டுத் திரும்பும்போது பின் இருக்கையில் முதுகைத் திருப்பி உட்கார்ந்து, மேடு முழுக்கப் பின்கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டே வந்தார். கடைசி வளைவில் கேட்டார்: "ஏம் அம்மிணி, வண்டி ஓடுதா? இல்ல, யாராச்சும் தள்ளிக்கிட்டு வாராங்களா?"

ஏழாம் நாள் பிற்பகல் மூன்றரை மணிக்கு மயிலை அடிவாரத்துப் புகைத் தேர்வு நிலையத்தில் போய் நின்றது. அங்கே மனிதர்கள் யாரும் இல்லை. ஆய்வாளர்களை வீட்டுக்கு அனுப்பி முப்பது வருடம் ஆகிறது. அவர்கள் இருந்த இடத்தில் புகைத்தேர்வர் என்ற இயந்திரம் இருந்தது. கூரையில் ஒரு கண், சுவரிலிருந்து யானைத் துதிக்கை போல நீளும் ஒரு குழாய், ஒரு குரல். அவ்வளவுதான்.

துதிக்கை மயிலையின் புகைக்குழாயில் நுழைந்தது. செங்கமலம் குரல் சொன்னபடி மூன்று முறை ஆக்சிலேட்டரை அழுத்தினாள்.

"புகையளவு பூச்சியம் புள்ளி மூன்று ஒன்று," என்றது குரல். "இது சந்தேகத்துக்குரியது."

செங்கமலம் கண்ணாடியை இறக்கி எட்டிப் பார்த்தாள். "கம்மியாத்தானே இருக்குதுங்க?"

"ஆம். அதனால்தான்."

"ரெண்டரை வரைக்கும் விடலாம்னு நீங்கதானே எழுதியிருக்கறீங்க?"

"விதி அப்படித்தான். ஆனால் தேர்வு செய்வதை நான் விதியிலிருந்து கற்றுக்கொள்ளவில்லை. இந்த வகை வாகனங்களுக்கு மனித ஆய்வாளர்கள் கையொப்பமிட்டு வழங்கிய நான்கு கோடிச் சான்றிதழ்களைப் படித்துக் கற்றேன். தேறிய வாகனங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறின் புகையளவு ஒன்று புள்ளி நான்கு மூன்று. புது வண்டிக்கும் அதே அளவு, இருபது வருட லாரிக்கும் அதே அளவு. உங்களுடைய எண் நான்கு கோடியில் ஒருமுறைகூட வந்ததில்லை. புகைக்குழாயில் ஏதோ தந்திரம் செய்திருக்கிறீர்கள்."

பொன்னரசு இறங்கி வந்தான். "தந்திரமும் இல்ல, மாயமும் இல்லைங்க. ஏழு நாளு மெனக்கெட்டுச் சரி பண்ணியிருக்கறோம். வேணும்னா மறுக்கா அளந்து பாருங்க."

துதிக்கை மறுபடி நுழைந்தது.

"பூச்சியம் புள்ளி மூன்று பூச்சியம். சந்தேகம் உறுதிப்படுகிறது. மேலும் ஒரு குற்றச்சாட்டு இருக்கிறது. உங்கள் வாகனம் இங்கே நேரில் வந்திருக்கிறது."

"வராம எப்படிங்க சோதிக்கறது?" என்றாள் செங்கமலம்.

"தேறிய வாகனங்கள் நேரில் வந்ததற்கான அடையாளம் பெரும்பாலும் இல்லை. ஒரே கருவியில், ஒரே நிமிடத்தில், பதினேழு வாகனங்கள் தேறியிருக்கின்றன. பதினேழு வாகனங்கள் ஒரே நிமிடத்தில் ஒரு குழாயின் முன்னால் நிற்க முடியாது. ஒரு பேருந்து, அது நொறுக்கப்பட்டு இரண்டு வருடம் கழித்தும் தேறியிருக்கிறது. இதிலிருந்து நல்ல வாகனங்கள் நேரில் வருவதில்லை என்று அறிந்துகொண்டேன். வளாகத்தை விட்டு வெளியேறவும். ஐந்து மணி வரை அவகாசம் உள்ளது."

அவர்கள் வெளியே வந்து, மதிலுக்கு அப்பால் ஒரு புளியமரத்தின் நிழலில் வண்டியை நிறுத்தினார்கள். மணி நாலரை.  வரும் வியாழக்கிழமை ஏகாம்பரம் எப்படிக் கீழே வருவார்? செங்கமலம் திடீரென்று ஸ்பேனரை எடுத்துக்கொண்டு பானட்டைத் திறந்தாள்.

"என்னங்க்கா பண்றீங்க?"

"குழாய் கிளாம்பக் கொஞ்சம் தளத்தி விடறேன். ஒண்ணு புள்ளி நாலு மூணுதானே அதுக்கு வேணும்? விட்டுக் காட்டறேன்."

"அது முடியாதுங்க. தளத்துனா ரெண்டு வரும், மூணு வரும். கரெக்டா ஒண்ணு புள்ளி நாலு மூணு வரவைக்கறதுக்குப் புகையே இல்லாமப் பண்ணிரலாம். அந்த அளவு எந்த எஞ்சின்லருந்தும் வந்திருக்காதுங்க, யாரோ ஒருத்தரோட பேனாவுல இருந்து வந்திருக்கும்." அவன் ஸ்பேனரை அவள் கையிலிருந்து மெல்ல வாங்கினான். "அது என்ன சொல்லுச்சு? நல்ல வண்டி நேர்ல வராதுன்னு சொல்லுச்சில்லைங்களா?"

"அதுக்கு?"

"நாம வரலைன்னு வெச்சுக்கங்க."

"பத்தொம்பது வருசத்துல நான் அப்படிச் சர்டிபிகேட் வாங்குனதில்ல தம்பி. ஒவ்வொருவாட்டியும் வண்டியக் கொண்டாந்து நிறுத்தித்தான் வாங்கியிருக்கறேன்."

"அப்பெல்லாம் புகை கொஞ்சம் இருந்துச்சுங்க. அதனால நம்புச்சு. இப்ப வேற வழியில்லீங்க்கா."

அவள் மயிலையின் பானட்டை மூடினாள். பிறகு கைப்பேசியை அவனிடம் நீட்டினாள். பொன்னரசு விண்ணப்பத்தை நிரப்பினான். வண்டியின் எண், உரிமம், ஓட்டுநர் பெயர். 'வாகனம் நேரில் கொண்டுவரப்படுமா?' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று அழுத்தினான்.

நாற்பது நொடியில் சான்றிதழ் வந்துவிட்டது.

'கருங்குன்று, மயிலை. புகையளவு 1.43. தேறியது.'

பொன்னரசு கையைத் தட்டிச் சிரித்தான். செங்கமலத்துக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சான்றிதழில் இருந்த வண்டி அவளுடைய வண்டிதானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. அப்போது கைப்பேசி ஒலித்தது. புகைத்தேர்வரின் குரல்.

"வாழ்த்துகள். உங்கள் மயிலை தேறிவிட்டது. ஒரு விசாரணைக்காக அழைக்கிறேன். இன்று பிற்பகல் உங்கள் வண்டியின் எண்ணை மாட்டிக்கொண்டு ஒரு போலி வண்டி இங்கே நேரில் வந்தது. புகையே விடவில்லை. ஒரு பெண்ணும் ஓர் ஆணும் அதில் இருந்தார்கள். சரிசெய்துவிட்டோம் என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அவர்களைப் பற்றி உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

செங்கமலம் பொன்னரசுவைப் பார்த்தாள்.  அவளுடைய இன்னொரு கை மயிலையின் பானட்டின் மேல் இருந்தது. அது இன்னும் சூடாறவில்லை.

"தெரியாதுங்க," என்றாள். "நான் இன்னிக்கு வண்டிய வெளியவே எடுக்கல."

"நன்றி," என்றது குரல், ஒரு நொடியும் தாமதிக்காமல். "உங்கள் வாக்குமூலம் முழுமையாக நம்பத்தக்கது."